பதினோரு குதிரைகளும் மூன்று சாலைகளும்

தமிழ்நாடு–கேரள எல்லையில் கோவிந்தாபுரம் சோதனைச்சாவடிப் பக்கம் வண்டியை ஓரங்கட்டி நின்றால், அங்கிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய மூன்று சாலைகள் ஓர் எஞ்சினிடம் மூன்று வெவ்வேறு வேலைகளைக் கேட்கின்றன. முதலாவது, பொள்ளாச்சிக்கும் கொல்லங்கோட்டுக்கும் நடுவே முதலமடை மாந்தோப்புகளை ஒட்டி ஓடும் மட்டமான சாலை. அங்கே ஏற்றம் இல்லை. பாலக்காட்டுக் கணவாயின் காற்றுதான் எதிரி. இரண்டாவது மலை. நெம்மாறையைத் தாண்டிப் போத்துண்டியிலிருந்து நெல்லியாம்பதிக்கு ஏறலாம். அல்லது ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி வால்பாறைக்கு ஏறலாம். மூன்றாவது பந்தயத் தடம். ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கிய எஸ். கரிவரதனின் பெயரில் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே, சுற்றுக்கு 2.1 கிலோமீட்டர். வீட்டுப் பட்டறையில் தானே எஞ்சின் கட்டி அதன் பெர்ஃபார்மன்ஸைக் கூட்ட நினைப்பவர், ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் இந்த மூன்றில் எதற்கு என்று முடிவு செய்துகொள்வது நல்லது. காரணம் இதுதான்: டியூனிங் என்ற பெயரில் நடப்பதில் புதிதாகப் பிறக்கும் சக்தி கொஞ்சம். இருக்கிற சக்தி சுற்று வேகத்தின் ஓரிடத்தை விட்டு இன்னோரிடத்துக்குக் குடிபெயர்வதே பெரும்பங்கு. எங்கே குடியேற்றுகிறோம் என்று தெரியாமல் செய்தால் வீடு மாறிய களைப்புதான் மிச்சம்.

இதை நிறுவ நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985 முதல் 1996 வரை விற்ற யமஹா ஆர்எக்ஸ் 100. நிறுத்தி ஏறத்தாழ முப்பது ஆண்டு ஆயிற்று. இன்னமும் கொங்கு நாட்டிலும் பாலக்காட்டுப் பக்கமும் அதற்குத் தனி மரியாதை. சிலிண்டரின் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 50 மி.மீ., கொள்ளளவு 98 சி.சி. நிமிடத்துக்கு 7500 சுற்றில் 11 குதிரைத்திறன் என்பது கம்பெனிக் கணக்கு. வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 170 கிலோ என்று வைத்து, காற்றின் தடையையும் டயரின் உராய்வையும் உத்தேசமாகக் கணக்கிட்டால், மட்டமான சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 6 குதிரைத்திறன் போதும். 100-க்கு 11 வேண்டியிருக்கிறது. 110-க்கோ 15-ஐ நெருங்குகிறது. வேகம் பத்து சதம் கூடச் சக்தி முப்பது சதம் கூட வேண்டும். காற்றைக் கிழிக்கும் செலவு வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுவதுதான் காரணம். அதனால்தான் "டாப்" கூட்டப் பணத்தைக் கொட்டியவர்களின் வண்டி பெரும்பாலும் அதே 100-ஐச் சுற்றியே நின்றுவிடுகிறது.

இப்போது அதே வண்டியில் பின்னால் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவோம். மொத்தம் 240 கிலோ. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் ஏற்றம். வேகம் 30 கிலோமீட்டர். இதற்கு வேண்டிய சக்தி எவ்வளவு? எல்லாம் சேர்த்து மூன்று குதிரைத்திறன்கூட இல்லை. பதினொன்றை வைத்திருப்பவனுக்கு மூன்று எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் கொண்டை ஊசியில் வண்டி திணறுகிறதே, அது பொய்யா? பொய்யில்லை. பதினொன்று இருப்பது 7500 சுற்றில். வளைவில் திரும்பும்போது எஞ்சின் நிற்பது மூவாயிரத்துக்குப் பக்கத்தில். அங்கே அந்த மூன்று இருக்கிறதா என்பதே கேள்வி. உச்சத்தில் 15 தரும் எஞ்சின் மூவாயிரத்தில் இரண்டு மட்டும் தந்தால், அது மலையில் கம்பெனி வண்டியைவிட மட்டமான எஞ்சின். விளம்பரத்தில் அச்சாகும் குதிரைத்திறன் என்பது வளைகோட்டின் ஒரே ஒரு புள்ளி. சாலையில் ஓடுவது அந்த முழு வளைகோடும்.

வளைகோடு ஏன் இப்படி ஓரிடத்தில் மேடாகவும் இன்னோரிடத்தில் பள்ளமாகவும் அமைகிறது? எஞ்சின் அடிப்படையில் மூச்சு விடும் கருவி. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். அதை எரிக்கும் காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் கடினம். 7500 சுற்றில் ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் நேரம் 8 மில்லிசெகண்டு. ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக்கில் அந்த ஒரே சுற்றுக்குள் எரிந்த புகை வெளியேற வேண்டும். கிராங்க்கேஸில் அமுங்கிக் கிடக்கும் புதுக் கலவை டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியே மேலேறி இடத்தைப் பிடிக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் போர்ட் 120 டிகிரி அளவுக்குத் திறந்திருந்தால் அதற்குக் கிடைப்பது இரண்டே முக்கால் மில்லிசெகண்டுக்கும் குறைவு. இந்த நேரம் போதவில்லை என்று போர்ட்டை உயர்த்தித் திறப்பு நேரத்தைக் கூட்டுவதுதான் பட்டறைகளில் "போர்ட் வேலை" எனப்படுவது. கூட்டினால் வேகச் சுற்றில் மூச்சு தாராளமாகிறது. ஆனால் மெதுவான சுற்றில் அதே திறப்பு அளவுக்கு மீறி நீள்கிறது. உள்ளே வந்த கலவை மேலே அமுக்கப்படும் முன் எக்ஸாஸ்ட் வழியே நழுவிப்போகிறது. காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல் எரியாமலே சைலன்சர் வழியாக ஊர் பார்க்கப் போகிறது.

இதன் விலையை மில்லிமீட்டரிலேயே பார்க்கலாம். 50 மி.மீ. ஓட்டமுள்ள எஞ்சினில் எக்ஸாஸ்ட் போர்ட் கிராங்க் 90 டிகிரி திரும்பியபோது திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் பிஸ்டன் ஒரு டிகிரிக்கு 0.44 மி.மீ. நகர்கிறது. ஆகவே போர்ட்டின் மேல்விளிம்பில் 1 மி.மீ. அரம் போட்டால் திறப்பு 2.3 டிகிரி முந்தும், மூடுவது 2.3 டிகிரி பிந்தும். மொத்தம் நாலரை டிகிரிக்குச் சற்று மேல். அந்தப் போர்ட் திறக்கும்வரை பிஸ்டனைத் தீ தள்ளிய தூரம் சுமார் 28 மி.மீ. இப்போது அது 27. அதாவது உழைக்கும் தூரத்தில் மூன்றரை சதம் போயிற்று. பதிலாக எஞ்சினின் செழிப்பான இடம் 8000 சுற்றிலிருந்து 8200-க்கு ஏறியது, அவ்வளவே. மூன்று மி.மீ. அரம் போட்டவர் 600 சுற்றை மேலே வாங்கி, கீழே பத்து சதத்துக்கு மேல் விற்றிருக்கிறார். சீவிய இரும்பை மறுபடி ஒட்ட முடியாது. புது பிளாக் தேடி அலைய வேண்டியதுதான். அரம் எடுப்பதற்கு முன் பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானியைக் கிராங்க் முனையில் பொருத்தி இந்தக் கணக்கைப் போட அரை மணி நேரம் போதும்.

8200 என்ற எண் எங்கிருந்து வந்தது? இந்தத் துறையின் மிக அழகான பகுதி அதுதான். எக்ஸாஸ்ட் போர்ட் திறந்ததும் புகை மட்டும் வெளியேறுவதில்லை. ஓர் அழுத்த அலையும் குழாயில் ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தில் அந்த அலை எதிர்க்குணத்தோடு திரும்பிவந்து சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை உறிஞ்சுகிறது. பின்னர் குழாய் குறுகும் இடத்தில் மோதும் அலை அழுத்தமாகவே திரும்பி, வெளியே நழுவிய புதுக் கலவையைப் போர்ட் மூடும் கடைசி நொடியில் உள்ளே திணிக்கிறது. வயிறு பெருத்து வால் சிறுத்த அந்தக் குழாய் வெறும் ஓசை அடக்கி இல்லை. கண்ணுக்குத் தெரியாத வால்வு. 8000 சுற்றில் 180 டிகிரி திறப்புக்கு 3.75 மில்லிசெகண்டு. சூடான புகையில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 520 மீட்டர் ஓடும். அந்த நேரத்தில் அது ஓடும் தூரம் 1.95 மீட்டர், போய்த் திரும்புவது என்பதால் பாதி, 97 சென்டிமீட்டர். போர்ட்டிலிருந்து குறுகும் கூம்பின் சராசரி மோதும் இடம் வரை இந்த அளவு இருக்க வேண்டும். அதே குழாயுடன் 5500 சுற்றில் ஓட்டினால் போர்ட் திறந்து 124 டிகிரியிலேயே அலை திரும்பி வந்துவிடும். போர்ட் மூட இன்னும் 56 டிகிரி பாக்கி. சீக்கிரமே வந்துவிட்ட விருந்தாளி சமையற்கட்டில் குறுக்கே நிற்பதைப் போல அது புகை வெளியேறுவதைத் தடுக்கும். பிறகு திணித்த கலவையும் மறுபடி வெளியே போய்விடும். டியூன் செய்த டூ ஸ்ட்ரோக் ஒரு சுற்று வேகம் வரை சோம்பிக் கிடந்து, அதைத் தாண்டியதும் சட்டென்று பாய்வது இந்த அலையின் விளையாட்டு.

இந்த அலையை அடக்கி வேலை வாங்கிய பெருமையில் பெரும்பங்கு கிழக்கு ஜெர்மனியின் சோபாவ் நகரில் எம்இசட் நிறுவனத்தின் பந்தயப் பிரிவை நடத்திய வால்டர் காடனுக்குச் சேரும். விரிகூம்புக் குழாயை அதற்கு முன்பே டிகேடபிள்யூவில் எரிக் வோல்ஃப் முயன்றிருந்தார். காடனின் தனித்தன்மை, குழாய்க்குள் அலை என்ன செய்கிறது என்று ஆசிலோஸ்கோப் வைத்துப் பார்த்தது. பணமும் நல்ல உலோகமும் தட்டுப்பாடாக இருந்த இடத்தில், 1961-இல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் 10,800 சுற்றில் 25 குதிரைத்திறன் தந்தது, லிட்டருக்கு 200. சூப்பர்சார்ஜர் இல்லாமல் அந்த அளவை முதலில் தொட்ட எஞ்சின் என்று அதைச் சொல்கிறார்கள். அந்த ஆண்டே அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்தின்போது மேற்குப் பக்கம் தப்பி, அந்த அறிவோடு சுசுகியிடம் போனார். 1962-இல் 50 சி.சி. உலகப் பட்டம் சுசுகிக்குக் கிடைத்தது. பின்னாளில் நம் தெருக்களில் ஓடிய ஜப்பானிய டூ ஸ்ட்ரோக்குகளின் வம்சாவளியில் சோபாவின் சாயலும் உண்டு. ஆனால் நம் பட்டறைகள் காடனிடமிருந்து எடுத்துக்கொண்டது குழாயின் வடிவத்தை. எடுத்துக்கொள்ளாமல் விட்டது ஆசிலோஸ்கோப்பை. எனக்கு இந்த விஷயத்தில் உள்ள ஒரே குறை இதுதான்.

சக்தி இடம்பெயர்வதுதான் என்ற வாதத்துக்கு வலுவான சாட்சி பந்தயத் தடத்தில் இல்லை. 1983-இல் எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்த ராஜ்தூத் 350-இல் இருக்கிறது. ஜப்பானில் பிறந்த ஆர்டி 350 எஞ்சின், 64-க்கு 54 மி.மீ. அளவுள்ள இரட்டைச் சிலிண்டர், 347 சி.சி. அங்கே அது ஏறக்குறைய 39 குதிரைத்திறன் தந்தது. இங்கே முதலில் 30.5 தரும் வடிவமும் பிறகு 27 தரும் வடிவமும் வந்தன. பழகியவர்கள் இவற்றை இன்றும் ஹெச்.டி., எல்.டி. என்றே பிரிக்கிறார்கள். சிலிண்டரின் கொள்ளளவு மாறவில்லை. மூச்சு விடும் வழிகளைச் சுருக்கி, உச்ச சக்தி வரும் சுற்று வேகத்தைக் கீழே இறக்கியதில் பன்னிரண்டு குதிரைகள் காணாமல் போயின. அப்படியும் அந்த நாளைய வாங்குபவர்கள் மைலேஜ் போதவில்லை என்று வண்டியைத் தீண்டவில்லை. நின்றுபோன பிறகுதான் கோவில் கட்டாத குறையாகக் கொண்டாடினார்கள். டியூனிங்கைப் பின்னோக்கிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கம்பெனியே நடத்திக் காட்டிய பரிசோதனை அது.

"கொள்ளளவைக் கூட்டிவிட்டால் இந்த வம்பே வேண்டாமே" என்பது நியாயமான மறுப்பு. உண்மைதான், சி.சி. கூடினால் வளைகோடு முழுவதும் உயர்கிறது, எங்கும் பள்ளம் விழுவதில்லை. ஆனால் பிளாக்கைப் போர் போட்டுப் பெரிதாக்க இடம் மிகக் குறைவு. சுவர் மெலிந்தால் சூட்டில் கோணும். ஒஹையோவில் வாழும் இந்திய வடிவமைப்பாளர் அனிகேத் வர்தன் இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகினார். புல்லட் 350-இன் சிலிண்டர் இரண்டை 59 டிகிரி கோணத்தில் நிறுத்த ஒரு கிராங்க்கேஸை வடிவமைத்து, அதற்கான மர அச்சுகளைத் தன் கையாலேயே செய்து வார்க்கக் கொடுத்து, மஸ்கெட் என்ற 700 சி.சி. வி-ட்வின்னைக் கட்டினார். கணக்கு தெரிந்தவரின் தேர்வு இது. புல்லட்டின் சிலிண்டர் 70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. ஓட்டம் கொண்டது, 5625 சுற்றில் 18 குதிரைத்திறன். அந்தச் சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 17 மீட்டர். அதை 7500 சுற்றுக்கு விரட்டினால் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் கிராங்கை இழுக்கும் விசை 1.78 மடங்காகும். சுற்று மூன்றில் ஒரு பங்கு கூட, இழுவிசை இருமடங்கை நோக்கி ஓடுகிறது. வர்தன் சுற்றைத் தொடாமல் சிலிண்டரைக் கூட்டினார்.

சுற்றைத் தொட்டவரின் கதையும் உண்டு. நியூசிலாந்தின் இன்வர்கார்கிலில் பர்ட் மன்ரோ 1920-ஆம் ஆண்டு இந்தியன் ஸ்கவுட் ஒன்றை வாங்கி, பிஸ்டன்களைக் கொட்டகையில் தானே வார்த்து, பல பத்தாண்டுகள் அதை மாற்றிக்கொண்டே இருந்தார். 1967-இல் போனவில் உப்புவெளியில் அது மணிக்கு 295 கிலோமீட்டரைத் தொட்டது. அவருடைய கொட்டகையின் அலமாரியில் உடைந்த பிஸ்டன்களும் வளைந்த ராடுகளும் வரிசையாக இருந்தன. வேகத்தின் தெய்வத்துக்குக் காணிக்கை என்று அதற்குப் பெயர் எழுதி வைத்திருந்தார். மன்ரோவைப் பற்றிப் பேசும் நம் இளைஞர்கள் அந்த 295-ஐச் சொல்கிறார்கள், அலமாரியைச் சொல்வதில்லை. வார்ப்படத் தொழில் கொழிக்கும் கோவை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் பிஸ்டன் வார்ப்பது இங்கே எவரெஸ்ட் ஏறுவதல்ல. ஒவ்வொரு வார்ப்பும் எத்தனை மணி நேரம் தாங்கியது என்று குறித்து வைப்பதுதான் அரிது.

காற்றைக் கூட்டாமல் சக்தி கூட்டும் வழி ஒன்று உண்டு: கம்ப்ரஷன் ரேஷியோ. இங்கேயும் என் "குடிபெயர்ச்சி" வாதம் கொஞ்சம் தளர்கிறது. கம்ப்ரஷன் கூடினால் எல்லாச் சுற்றிலும் லாபம். பழைய புல்லட்டின் 6.5-ஐ 8.5 ஆக்கினால் ஏட்டுக் கணக்கில் திறன் ஒன்பது சதம் கூடும். 8.5-லிருந்து 10.5 ஆக்கினால் கூடுவது ஆறு சதமே. அடுத்த படி இன்னும் சிறியது, நாக்கிங் அபாயமோ பெரிதாகிக்கொண்டே போகும். பட்டறையில் கேட்கும் "ஹெட்டை லேத்தில் கொஞ்சம் சீவிடலாம்" என்ற யோசனையையும் கணக்கில் வைத்துப் பார்ப்போம். 346 சி.சி. எஞ்சினில் 6.5-லிருந்து 8.5-க்குப் போக எரிஅறையில் 17 சி.சி. குறைய வேண்டும்; 70 மி.மீ. விட்டத்துக்கு அது 4.4 மி.மீ. உயரம். அவ்வளவு சீவினால் புஷ்ராடின் நீளம் பொருந்தாது, வால்வு பிஸ்டனில் இடிக்கும். உயர்ந்த தலையுள்ள பிஸ்டனே வழி. "கொஞ்சம்" என்ற சொல்லுக்குள் எத்தனை மில்லிமீட்டர் ஒளிந்திருக்கிறது என்று கேட்காமல் லேத்துக்குப் போகக் கூடாது.

அடுத்த மறுப்பு அனுபவத்தின் பக்கமிருந்து வரும். கணக்கே போடாமல் காதை வைத்து எஞ்சின் செட்டிங் செய்த பெரிய கைகள் நம் ஊர்ப் பட்டறைகளில் உண்டே என்பார்கள். உண்டு, அவர்களை மதிக்காமல் இதைப் பேச முடியாது. அந்தக் காது ஐடிலிங்கையும் டேப்பெட் ஓசையையும் பேரிங் தேய்வையும் துல்லியமாகப் பிடிக்கும். சக்தியை அளக்க மட்டும் அது ஏற்ற கருவியில்லை. ஓசை கூடினால் சக்தி கூடியதாக நினைப்பது மனித இயல்பு; சைலன்சரின் உள்குழாயைப் பிடுங்கி எறிந்தவர் எல்லாரும் வண்டி பறக்கிறது என்றே சொல்கிறார்கள். உடம்பும் ஏமாற்றும். நாம் உணர்வது முடுக்கத்தில் வரும் திடீர் மாற்றத்தை. நாலாயிரம் சுற்று வரை செத்துக் கிடந்து ஆறாயிரத்தில் உதைக்கும் எஞ்சின், சீராக இழுக்கும் எஞ்சினைவிட வலுவானது என்று முதுகு சாட்சி சொல்லும். கடிகாரம் பெரும்பாலும் வேறு சொல்லும்.

அந்தக் கடிகாரம் இன்று எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. வண்டி நான்காவது கியரில் 40-லிருந்து 60 கிலோமீட்டர் வேகத்துக்கு வர எத்தனை நொடி என்று, ஸ்பீடோமீட்டரைப் போனில் படமெடுத்துக் காட்சிகளை எண்ணிப் பார்த்தால் நொடியில் முப்பதில் ஒரு பங்கு வரை பிரித்தறியலாம். 170 கிலோவுக்கு அந்த வேக உயர்வின் ஆற்றல் 13,100 ஜூல். நாலு நொடி ஆனால் சராசரி நாலரை குதிரைத்திறன், 3.6 நொடி ஆனால் ஐந்து. காற்றுக்கும் டயருக்கும் போவது இதற்கு மேல். வெறும் 0.4 நொடியில் அரைக் குதிரை ஒளிந்திருப்பதால் ஒரே ஓட்டத்தை நம்பக் கூடாது. பத்து ஓட்டமாவது வேண்டும். கணவாய்ப் பகுதியில் இன்னொரு கண்டிப்பும் சேரும். காற்றாலைகளை நட்டு வைத்து மின்சாரம் எடுக்கும் மண் இது. 60-இல் போகும் வண்டிக்கு 20 கிலோமீட்டர் எதிர்க்காற்று வந்தால் காற்றுத் தடை 1.78 மடங்கு. மேலே கிராங்கைப் பிடித்து இழுத்த அதே எண் இங்கே நெஞ்சில் வந்து மோதுகிறது. அங்கே சுற்று, இங்கே காற்றின் வேகம், இரண்டுமே மூன்றாக இருந்தது நான்காகும்போது வர்க்கமாகப் பெருகுகின்றன. ஆகவே கிழக்கே ஓடியதை மேற்கேயும் ஓடிச் சராசரி எடுக்காவிட்டால், பாராட்டு எஞ்சினுக்குப் போகாமல் தென்மேற்குப் பருவக்காற்றுக்குப் போய்விடும். பொதுச்சாலையில் இதைச் செய்வதா என்று கேட்டால், 60 கிலோமீட்டரைத் தாண்டாத சோதனை என்பதுதான் இதன் சிறப்பு; வெறிச்சோடிய நேரமும் ஹெல்மெட்டும் போதும்.

கடைசி மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது: கம்பெனி செட்டிங்கைவிட நம்மால் என்ன கிழித்துவிட முடியும், தொடாமல் விடுவதே மேல். ஜப்பானியப் பொறியாளர்களை மட்டமாக எண்ணுவது அறிவீனம்தான். ஆனால் கம்பெனி செட்டிங் என்பது ஒரு குறிப்பிட்ட பெட்ரோலுக்கும், சராசரிக் காற்றுக்கும், மைலேஜ் கேட்கும் வாடிக்கையாளருக்கும் சேர்த்துச் செய்த சமரசம். அதில் முதலாவது நம்மைக் கேட்காமலே மாறிவிட்டது. இப்போது பங்கில் வருவது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல். தனிப் பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 போதும். 1980-களின் ஜெட்டை மாற்றாத கார்புரேட்டர் அதே அளவு எரிபொருளையே விடுவதால், எஞ்சின் ஏழெட்டு சதம் பெட்ரோல் குறைந்த கலவையில் ஓடுகிறது. டூ ஸ்ட்ரோக்கில் கலவை வறண்டால் பிஸ்டன் சூடேறும், சூடேறினால் பிளாக்கைப் பிடிக்கும். எதையும் தொடாத வண்டி, தொடாமலே தவறான டியூனிங்குக்கு வந்துவிட்டது. இதில் ஒரு வரவும் உண்டு: இந்தக் கலவைக்கு ஆக்டேன் அளவு குறைந்தது 95 என்று விதி. முன்பு 91-க்கு அஞ்சி நிறுத்திய கம்ப்ரஷனை இப்போது ஓரளவு தைரியமாக உயர்த்தலாம்.

சட்டத்தை ஒதுக்கிவிட்டு இதை எழுத முடியாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு விளக்கம் தந்தது. ஆகவே வீட்டில் கட்டிய எஞ்சினோடு எல்லை தாண்டுவது எந்தப் பக்கமும் செல்லாது. அப்படிப்பட்ட எஞ்சினுக்கு உரிய இடம் பட்டறை மேசையும் பந்தயத் தடமும். டெம்போவில் ஏற்றிச் செட்டிபாளையம் போகலாம். சாலை வண்டியில் ஜெட், பிளக், ஊசியின் உயரம், கம்பெனி அளவுக்குள் டைமிங் ஆகிய பராமரிப்பு வேலைகளோடு நிற்பதே முறை. மலைச்சாலைக்காரருக்கு, மேலே போட்ட கணக்கின்படி, அதற்கு மேல் தேவையும் இல்லை. முன்னால் ஒரு பல் குறைந்த ஸ்ப்ராக்கெட் தரும் இழுவையை எந்தப் போர்ட் வேலையும் அந்த விலைக்குத் தராது. அதையும் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிச் செய்வது பிற்பாடு வரும் தொல்லையைத் தவிர்க்கும்.

ஜெட்டை எந்த நேரத்தில் செட் செய்வது என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். கோவிந்தாபுரம் கடல்மட்டத்துக்குச் சில நூறு அடிதான் மேலே. ஜனவரி விடியலில் 20 டிகிரி இருக்கும்போது ஒரு கனமீட்டர் காற்றின் எடை அங்கே 1.18 கிலோ. ஏப்ரல் மதியம் 40 டிகிரியில் அதே காற்று 1.11. சுமார் 3,500 அடி உயரத்தில் வால்பாறையின் 20 டிகிரிக் காற்று 1.06. சமவெளியின் ஒரு கோடை மதியமே எஞ்சினைப் பாதி மலைக்கு மேல் ஏற்றிவிடுகிறது. காற்று மெலிந்தால் கலவையில் பெட்ரோல் மிகும். புகை கொஞ்சம் கூடும், பிக்கப் மந்தமாகும், அதோடு சரி. காற்று கனத்தால்தான் கலவை வறளும். ஏப்ரல் மதியத்தில் பிளக்கின் நிறம் பார்த்து அழகாகச் செட் செய்த வண்டி, மார்கழி விடியலில் பொள்ளாச்சிச் சாலையில் முழுத் திராட்டிலில் போகும்போது பிஸ்டன் ஜாமாகி நிற்பதற்குக் காரணம் அந்த ஆறு சதம். மெயின் ஜெட்டை ஆண்டின் மிகக் குளிர்ந்த காலையில் செட் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு மதியத்துக்காக அதைக் குறைக்கக் கை அரித்தாலும் விட்டுவிட வேண்டும்.